கன்று ஈனும் பருவத்தில் சட்டமன்றம்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் சட்டமன்றத் தேர்தலில் நிற்பது சகஜம். அங்கே சட்டமன்றம் கூடுவதே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் தொடங்கி, அதிகபட்சம் 90 அமர்வு நாள்கள். மற்ற காலமெல்லாம் உறுப்பினர் தன் தொழிலைப் பார்க்கலாம்.

பண்ணைக்காரருக்குத்தான் சிக்கல். பல பண்ணைகளில் பிப்ரவரியும் மார்ச்சும் பசுக்கள் கன்று ஈனும் மாதங்கள். கொட்டும் பனியில் பிறந்த கன்றை உடனே துடைத்துக் கதகதப்பாக வைக்காவிட்டால் அதன் காது நுனி உறைந்து கருகிவிடும். அந்த நேரத்தில் அவர் தலைநகர் ஹெலினாவில் மசோதா படித்துக்கொண்டிருப்பார். தொழுவத்தில் கண்விழிப்பது வீட்டார்தான். அவர்களின் உழைப்பையும் சேர்த்தே அந்தப் பதவியை மதிக்க வேண்டும்.

இப்படி நிலத்திலிருந்து அரசியலுக்குப் போனவர்களில் ஒருவர், மொன்டானாவின் பிக் சாண்டி என்ற சிற்றூரின் விவசாயி ஜான் டெஸ்டர். சிறுவயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இடக்கை விரல்கள் மூன்றை இழந்தவர். மின்துறைக் கட்டுப்பாடுகளை மாநிலம் தளர்த்தியதில் கொதித்து, 1998-ல் மாநில செனட்டுக்கு நின்று வென்றார். 2006-ல் அமெரிக்க செனட்டுக்கும் தேர்வானார். வாஷிங்டன் போன பிறகும் ஊருக்கு வந்து டிராக்டர் ஓட்டுவதை அவர் விடவில்லை.