சாலமோன் மன்னரும் கொற்கைத் துறையும்

முன்னுரை

அறிவுக்கு உவமையாக உலகம் கூறும் அரசர்களுள் ஒருவர், கி.மு. பத்தாம் நூற்றாண்டில் இஸ்ரவேல் நாட்டை ஆண்டவராகக் கருதப்படும் சாலமோன். விவிலியத்தின் நீதிமொழிகள் அவர் பெயரோடு இணைந்தவை. திருக்குர்ஆன் அவரைச் சுலைமான் நபி என்று போற்றுகிறது. எறும்பின் பேச்சை உணர்ந்தவர், காற்றை ஏவல் கொண்டவர் என்கிறது. ஆதலின், மாதா கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும் நம் முத்துக்குளித்துறைக்கு அவர் அந்நியர் அல்லர்.

மன்னரின் தீர்ப்பு

ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோரினர். சாட்சி இல்லை. குழந்தையை இரு கூறாக்குமாறு மன்னர் ஆணையிட்டார். ஒருத்தி இசைந்தாள், மற்றவளோ, குழந்தை உயிர் பிழைத்தால் போதும், அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கதறினாள். அவளே தாய் எனத் தெளிந்தது. பௌத்த ஜாதகக் கதையில் மகோசதரும் இத்தகைய வழக்கொன்றைத் தீர்க்கிறார். அங்கே குழந்தையைக் கோட்டின் இருபுறமும் நின்று இழுக்கச் சொல்கிறார். இழுக்க மனமின்றிக் கைவிட்டவளே தாய்.

மயிலும் தோகையும்

சாலமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொணர்ந்தன என்று விவிலியம் கூறும். அங்கு மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘துக்கி’. இது தமிழ்த் ‘தோகை’யே என்றார், இடையன்குடியில் வாழ்ந்த அறிஞர் கால்டுவெல். அவர்கள் பொன் பெற்ற ‘ஓபீர்’ நம் உவரியே என்பாரும் உளர். அவ்வாறாயின் அக்கப்பல்கள் கொற்கைக்கும் வந்தனவா?

சான்றுகள் கூறுவன

கொற்கையில் 1968-இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 அளவினது, அது சாலமோனுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது. எனவே, அவர் காலத்திற்கு முன்பே பொருநைக் கரையில் மக்கள் வாழ்ந்தனர். ஆயினும் மக்கள் வாழ்ந்தமை, கப்பல் வந்தமைக்குச் சான்றாகாது.

மேலும், அக்கப்பல் சரக்குப் பட்டியலில் முத்து இல்லை! கொற்கைக்கு வந்தவர் முத்தை விட்டுச் செல்வரோ? ஓபீரை அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பம்பாய் அருகிலுள்ள சோபாராவிலும் தேடுவோர் உண்டு. ‘துக்கி’ என்பது எகிப்தியச் சொல், ஒருவகைக் குரங்கின் பெயர் என்று கூறும் அறிஞரும் உளர். கால்டுவெல் கருத்தே சரியெனினும், மயிலும் அதன் பெயரும் வணிகர் பலர் கைமாறி அங்குச் சென்றிருக்கலாம். கொற்கை முத்துச் சலாபத்தைக் கிரேக்க நூலான ‘பெரிப்ளூஸ்’ தெளிவாகக் குறிப்பிடுவது கி.பி. முதல் நூற்றாண்டில்தான்.

முடிவுரை

நம் ஊர்ப்பெருமையும் இன்று ஒரு வழக்காகவே நிற்கிறது. குழந்தையை வெட்டினாலும் சரி, பங்கு வேண்டும் என்றவள் தாயல்லள். அதுபோல, உண்மையை வெட்டிப் பெருமை தேடுவது மண்ணின் மீது கொண்ட அன்பாகாது. கொற்கைக்குச் சங்கப் பாடல்களும் முத்தும் தந்த புகழே போதும். சாலமோனின் கப்பலுக்குத் தக்க சான்று கிடைக்கும்வரை காத்திருப்பதே அவரிடம் நாம் கற்கும் அறிவு எனலாம்.