உங்களுக்குத் தெரியுமா? தஞ்சை நாயக்கர் அரசை வீழ்த்தியது கப்பல் அல்ல!

திருக்கடையூருக்குச் சில கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தரங்கம்பாடியை, 1620-இல் டென்மார்க்காரர்களுக்குக் கொடுத்தவர் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர். ஓலை வடிவில் வெட்டிய தங்கத் தகட்டில் டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கரையில் இடம் கொடுத்ததால்தான் நாடே கைவிட்டுப் போனது என்று சொல்பவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. டேனியர் கோட்டை எழுந்த பிறகும் அரை நூற்றாண்டு நாயக்கர் ஆட்சி நீடித்தது. டேனியர்கள் தஞ்சைக்கு ஆண்டுதோறும் வாடகை கட்டி வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்களே என்றால், அதுவும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்ததுதான். கடற்கரையில் கொடி மாறினாலும் கஜானாவை நிரப்பிய காவிரி நெல் மன்னரிடமே இருந்தது.

1532-இல் சேவப்ப நாயக்கர் தொடங்கிய இந்த அரசு நெல்லால் வளர்ந்து, அண்டைப் பகையால் அழிந்தது. 1673-இல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படையோடு போரிட்டு விஜயராகவ நாயக்கர் உயிரிழந்தார். அவருடைய வாரிசை அரியணையில் அமர்த்த பீஜப்பூர் சுல்தான் அனுப்பிய தளபதி வெங்கோஜி, சில ஆண்டுகளிலேயே அதில் தானே அமர்ந்துகொண்டார். வெங்கோஜி தொடங்கிய மராட்டியர் ஆட்சி தஞ்சையில் 1855 வரை நீடித்தது.