அடக்கத்துக்கு மேல் 35 சதவீதம்

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் பட்டறையில் செய்யும் வால்வு ஒன்றின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 விற்கிறது. இரும்பு, பீஸ்ரேட் கூலி, கரண்ட் என்று வால்வுக்கு 65 ரூபாய் போய்விடும். விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகை, சம்பளம், வட்டிக்கு மாதம் 25,000. கையில் நிற்பது 10,000.

வாங்குபவர் “அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்குங்க” என்கிறார். ஐந்துதானே என்று தலையாட்டிவிடுகிறோம். ஆனால் லாபத்தில் சரிபாதி போய்விட்டது. பழைய லாபத்தைப் பிடிக்க 1,167 வால்வு விற்றாக வேண்டும். அதே 5 ரூபாயை ஏற்றியிருந்தால் 875 விற்றாலே போதும். இந்த இரண்டு எண்களையும் கொட்டேஷன் போடும் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டலாம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் விலையை ஏற்றிவிடலாமா? கூடாது. அமெரிக்காவில், கிளீவ்லாந்தைச் சேர்ந்த பார்க்கர் ஹானிஃபின் நிறுவனம் ஹைட்ராலிக் வால்வு, ஹோஸ், ஓ-ரிங் என்று லட்சக்கணக்கான உருப்படிகளை விற்கிறது. 2001-இல் டொனால்ட் வாஷ்கெவிச் தலைமைக்கு வந்தபோது, அங்கே விலை போடும் முறை சுலபமாக இருந்தது: அடக்கவிலை, அதற்கு மேல் சுமார் 35 சதவீதம். கடைக்குக் கடை கிடைக்கும் ஃபிட்டிங்குக்கும், வேறு யாரும் செய்து தராத பாகத்துக்கும் ஒரே சூத்திரம். இதில் பெரிய ஓட்டை உண்டு. இன்ஜினீயர் மண்டையைக் குடைந்து அடக்கத்தைக் குறைத்தால், சூத்திரம் விலையையும் குறைத்துவிடும். உழைப்பு இவர்களுடையது, பலன் முழுக்க வாங்குபவருக்கு.

வாஷ்கெவிச் சரக்கை வகை பிரித்தார். போட்டி அதிகமுள்ளவை ஒரு பக்கம், மாற்றே இல்லாதவை இன்னொரு பக்கம். பின்னதற்கு விலை ஏறியது, சிலவற்றுக்கு இறங்கவும் செய்தது. மேலாளர்கள் ஒப்பவில்லை. இது நடக்காது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் 50 காரணங்களை அவர் பட்டியலிட்டு, அதில் இல்லாத காரணம் இருந்தால் மட்டும் வாருங்கள் என்றார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விற்பனையாளரின் பயத்தை உடைப்பதுதான் இந்த வேலையில் பாதி. 2002-இல் சுமார் 13 கோடி டாலராக இருந்த நிகர லாபம் 2006-இல் 67 கோடியைத் தாண்டியது. தொழில் செழித்த காலமும் அதற்குக் கைகொடுத்தது. விலை மாற்றத்தால் மட்டும் இயக்க லாபம் 20 கோடி டாலர் கூடியது என்பது நிறுவனத்தின் கணக்கு.

உங்கள் சரக்கையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். இந்தப் பாகம் ஒருநாள் கிடைக்காவிட்டால் வாங்குபவரின் லைன் நிற்குமா? நிற்கும் என்றால், விலையை அவருக்கு ஏற்படும் நஷ்டத்தை வைத்து யோசிக்க வேண்டும். அதற்காகக் கழுத்தை நெரித்தால் அவர் இரண்டாவது சப்ளையரைத் தேடிப் போய்விடுவார். இன்னொன்று, 90 நாள் கடனையும் தள்ளுபடியாகவே எழுதுங்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் 100 ரூபாய் வால்வுக்கு அதுவே 3 ரூபாய்.