1966ஆம் ஆண்டின் இரு இசைத்தட்டுக்கள்: கண்டியிலிருந்து ஒரு நோக்கு

இந்தியச் செவ்வியல் இசையின் ஒலிப்பதிவு வரலாற்றில் 1966ஆம் ஆண்டு தனித்து நோக்கப்பட வேண்டியதாகும். அவ்வாண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி, நியூயோர்க் நகரில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நிகழ்த்திய கச்சேரி பதிவுசெய்யப்பட்டு நீள்தட்டு வடிவில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் பாத் இசைவிழாவில் ரவிசங்கரும் யெஹுதி மெனுஹினும் ஒரே மேடையில் இசைத்தனர். அதன் பேறாக, மேற்கு கிழக்கைச் சந்திக்கின்றது என்று பொருள்படும் தலைப்புடன் வெளிவந்த இசைத்தட்டு 1968இல் கிராமி விருதையும் பெற்றது. இவ்விரண்டும் நம் இசை உலக அரங்கேறியதற்குச் சான்றுகள் எனப் போற்றப்படுகின்றன. அவ்வாறு அரங்கேறிய இசை யாருடைய கைகளில் வளர்ந்தது என்ற வினா அப்பாராட்டுரைகளில் அரிதாகவே எழுகின்றது. கண்டிச் சூழலில் வாழ்வோர்க்கோ இவ்வினா புதியதன்று.

மெனுஹின் தட்டைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. அதில் இடம்பெறும் 'ஸ்வர காகலி' திலங் இராகத்தின் அடிப்படையில் ரவிசங்கர் முன்கூட்டியே அமைத்துக் கொடுத்த ஆக்கமாகும். அல்லா ரக்காவின் தபேலா அதற்கு உயிரூட்டுகின்றது. மெனுஹினின் பணிவும் உழைப்பும் கேட்போர்க்குப் புலனாகின்றன. ஆயினும் மனோதர்மம் என நாம் வழங்கும் கற்பனை விரிவு அங்கு ஒருவரிடமே உள்ளது. மற்றவர் பாடம் ஒப்புவிக்கின்றார். சந்திப்பு என்பதிலும் அறிமுகம் என்பதே பொருத்தமான சொல்லாகும்.

ஐ. நா. கச்சேரி வேறு வகையினது. இராதா விசுவநாதன் உடன்பாட, வி. வி. சுப்பிரமணியம் வயலினும், டி. கே. மூர்த்தி மிருதங்கமும், டி. எச். விநாயக்ராம் கடமும் வாசித்தனர். கேட்போரிற் பெரும்பாலார் இம்மரபை அறியாதவர்; எனினும் பாட்டு தன் இயல்பிற் குன்றவில்லை. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இயற்றிய 'மைத்ரீம் பஜத' என்ற வடமொழிப் பாடலும், இராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடலும் அச்சபைக்கெனவே அமைந்தவை. வியட்நாமிற் குண்டுகள் பொழிந்துகொண்டிருந்த ஆண்டில், போரைக் கைவிடுமாறு வேண்டும் பாடல் அம்மண்டபத்தில் ஒலித்தமை வெறும் சடங்காகவும் முடிந்திருக்கலாம். அக்குரலே அதனைச் சடங்காகவிடாது காத்தது எனலாம். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில் தமிழிசை இயக்கத்தின் பக்கம் நின்ற இப்பாடகி, உலக சபைக்கெனப் புதிதாகப் பெற்றுச் சென்றவை வடமொழியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தமை நம் கவனத்திற்குரியது.

இங்கு நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926இல், அவர்தம் பத்தாவது வயதளவில் வெளிவந்தது. தாய் மதுரை சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தென்னிந்தியாவிற் கிராமபோன் கம்பனிகள் பதிவு தொடங்கிய இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், உயர்சாதி வித்துவான்கள் பலர் கருவியின் முன் பாடத் தயங்கினர். கோயிலோடும் ஆடலோடும் பிணைந்த மரபைச் சேர்ந்த பெண்களே முன்வந்தனர். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் ஆகியோர் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவர்கள். ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நான்கு நிமிடமே கொண்ட தட்டில் ஆலாபனையைச் சுருக்கி, கீர்த்தனையைக் குலையாது நிறுத்தும் நுட்பத்தை முதலில் வகுத்தவர்களுள் இவர்கள் முக்கியமானவர்கள். இதனைத் தொழில்நுட்பத்திற்குப் பணிந்தமை என்று சிலர் கொள்வர். இறுக்கமான அளவிற்குள் இராகத்தின் உருவை முதல் நொடியிலேயே காட்டும் ஆற்றல் எளிதிற் கைவருவதன்று. நீள்தட்டு ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடமளித்த பின்னரும், எடுத்த எடுப்பிலேயே இராகம் துலங்கும் அப்பண்பு சுப்புலட்சுமியிடம் நிலைத்திருந்தது. அந்நுட்பத்தை வளர்த்த சமூகமோ பழிப்புக்கு ஆளாயிற்று. 1947ஆம் ஆண்டின் சென்னைத் தேவதாசிச் சட்டம் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழித்தது, அது வேண்டியதே. ஆனால் வழக்கத்தின் மீதான கண்டனம் கலைஞர் மீதும் படிந்தது. அவர்தம் இசை மட்டும் தேசியச் சொத்தாகி உலக மேடை ஏறியது.

கண்டியில் இந்நிலைக்கு ஒத்த ஒன்றைக் காணலாம். தலதா மாளிகையின் அன்றாட வழிபாட்டிலும் எசல பெரஹராவிலும் ஒலிக்கும் ஹேவிசி இசையில் தவுல, தம்மெட்டம, ஹொரணை ஆகியன இடம்பெறுகின்றன. கண்டிய ஆடலுக்குரிய பறையோ கெட்ட பெரய எனப்படும். தவுல என்ற பெயர் நம் தவிலையும், ஹொரணை தன் அமைப்பால் நாதசுரத்தையும் நினைவூட்டுவன. கண்டிய ஆடலின் பதினெட்டு 'வன்னம்'களின் பெயரில் வண்ணம் என்ற தமிழ்ச்சொல்லின் சாயலைக் காண்போர் உளர். 1739 முதல் 1815 வரை இங்கு ஆண்ட நாயக்கர் மதுரைத் தொடர்புடையவர் என்பதும் அறிந்ததே. ஆயினும் பெயரொப்புமையிலும் சமூக ஒப்புமையே முதன்மையானது எனக் கருதுகின்றேன். பறையறையும் குலத்தார் விகாரைகளிடமும் தேவாலயங்களிடமும் நிலம் பெற்று, அதற்கீடாகத் தலைமுறை தலைமுறையாகச் சேவை செய்துவந்தனர். தமிழகக் கோயில் மானியமும் இதனை ஒத்ததே. சுதந்திரத்தின் பின் கண்டிய ஆடலும் பறையும் நாட்டின் அடையாளமாக உயர்ந்தன, பாடசாலைகளிற் பாடமாயின. பறையறைந்தவரின் சாதி இழிவு அதே வேகத்தில் நீங்கவில்லை. அதனாலேயே தம் பிள்ளைகளை இத்தொழிலிலிருந்து விலக்கிய குடும்பங்களும் உள்ளன.

இரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடும் உண்டு. ஆண்களின் கையில் இருந்த பெரய மரபுக்குப் பெயர்பெற்ற ஆசான்கள் வாய்த்தனர். குருபரம்பரை வெளிப்படையாகப் பேசப்பட்டது. பெண்களின் வழிவந்த இசையில் தாயின் பெயரும் பாட்டியின் பெயரும் வாழ்க்கைக் குறிப்பின் ஓரத்திற்கு ஒதுங்கின. இதற்கு விலக்காக ஒரு குடும்பத்தைச் சுட்டலாம். வீணை தனம்மாளின் பேரர் டி. ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். அவர்தம் சகோதரி பாலசரஸ்வதியும் அங்கு ஆடல் பயிற்றுவித்தார். ஐ. நா. மண்டபத்திற் பதிவு நடந்த அதே ஆண்டுகளில், தனம்மாளின் பெயரைச் சொல்லியே அவ்விசை அந்நாட்டு மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.