மலையடிவாரத்தில் ஒரு பிரசங்கம்

பிப்ரவரி வந்துவிட்டால் நமது சர்வகலாசாலைகளில் சங்கீதம், நாடகம், பந்தயம் என வைபவங்களுக்குக் குறைவிராது. 1928-ல் ஸர் ஸி. வி. ராமன் தமது கண்டுபிடிப்பை நிகழ்த்திய 28-ந் தேதியன்று விஞ்ஞானப் பிரசங்கங்களும் உண்டு. ஆட்டபாட்டத்தில் நமக்கு ஆட்சேபமில்லை. பிரசங்கத்தைப் பற்றியே நம் பேச்சு.

போடி மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க, 2015 ஜனவரியில் மத்திய அரசாங்கம் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. காடும் தண்ணீரும் என்னாகுமோ என்று பொட்டிபுரத்து ஜனங்கள் அஞ்சினர். 2022-ல் தமிழக அரசாங்கமே உச்ச நீதிமன்றத்தில் ஆட்சேபித்தது. வெடி வைத்தால் ஊற்று அற்றுப்போகுமா என்பதே குடியானவனுடைய கேள்வி. அதற்கு விடை மதுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் கிடைத்து அவனுக்குப் பயனென்ன? வரும் 28-ந் தேதி காமராஜ் சர்வகலாசாலைப் பேராசிரியர்கள், திட்டத்தை மறுப்போரையும் உடனழைத்துக்கொண்டு, பொட்டிபுரத்து மந்தையில் அமர்ந்து தமிழில் பேசட்டும். முதற் கேள்வியை ஊரார் கேட்கட்டும்.