நகராட்சித் தலைவர் டூ முதல்வர்... மூன்று முறை நாற்காலி ஏறிய ஓ.பி.எஸ்-ஸின் கதை!

2017 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் முந்தைய நாள்தான் வந்திருந்தது. அலங்காநல்லூரில் போட்டியைத் தொடங்கிவைக்க, முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மதுரைக்கே வந்துவிட்டார். ஆனால், 'நிரந்தரச் சட்டம் வேண்டும்' என்று மக்கள் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். வாடிவாசலைப் பார்க்காமலேயே அவர் சென்னைக்குத் திரும்பினார். மறுநாள் சட்டசபையில் மசோதா நிறைவேறியது.

பிப்ரவரி 5-ல் மதுரை அவனியாபுரத்தில் காளைகள் சீறிப் பாய்ந்தன. அதே நாளில், சென்னையில் ஓ.பி.எஸ் ராஜினாமா செய்தார்!

பெரியகுளத்தில் தொடங்கிய பயணம்

ஓ.பி.எஸ்-ஸின் சொந்த ஊர் பெரியகுளம். இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், முன்பு மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. விவசாயக் குடும்பம்; டீக்கடையும் நடத்தியவர்.

1996 சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க-வுக்குக் கிடைத்தது வெறும் 4 இடங்கள். அதே ஆண்டு, பத்து வருட இடைவெளிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கட்சிக்கு அவ்வளவு மோசமான அந்த நேரத்திலும், பெரியகுளம் நகராட்சித் தலைவரானார் ஓ.பி.எஸ். அதே தேர்தலில் சென்னை மேயரானவர் மு.க.ஸ்டாலின். ஒரே உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்த இருவர், பின்னாளில் முதல்வர்கள்!

நான்கே மாதத்தில் முதல்வர்

2001 மே மாதம் பெரியகுளம் எம்.எல்.ஏ., வருவாய்த் துறை அமைச்சர். செப்டம்பர் 21-ல் ஜெயலலிதாவை முதல்வராக நியமித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அன்றே முதல்வரானார் ஓ.பி.எஸ். 2002 மார்ச்சில் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்.

2008-ல் நடந்த தொகுதி மறுசீரமைப்பில் பெரியகுளம் தனித் தொகுதியானது. அதனால் போடிநாயக்கனூருக்கு மாறி, 2011, 2016, 2021 என மூன்று முறையும் அங்கே வென்றார்.

2014 செப்டம்பரில் சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதா தண்டனை பெற, கண்ணீரோடு இரண்டாவது முறை பதவியேற்றார். சட்டசபையில் ஜெயலலிதாவின் இருக்கையில் அவர் அமரவில்லை. 2015 மே மாதம் மறுபடியும் விலகினார். மூன்றாவது முறை, ஜெயலலிதா மறைந்த இரவில், 2016 டிசம்பர் 6 அதிகாலையில் பதவியேற்பு.

மெரினாவில் உடைந்த மௌனம்

அதுவரை கொடுத்தால் வாங்குவதும், கேட்டால் திருப்பித் தருவதுமாக இருந்தவர், 2017 பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்பு கண்மூடி அமர்ந்தார். எழுந்ததும், கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கியதாகச் சொன்னார். கட்சி பிளந்தது. ஆகஸ்டில் அணிகள் இணைந்து துணை முதல்வரானாலும், 2022 ஜூலையில் அ.தி.மு.க-விலிருந்து நீக்கப்பட்டார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக, பலாப்பழச் சின்னத்தில் நின்று இரண்டாம் இடம் பிடித்தார்.

மூன்று முறையும் சேர்த்து அவர் முதல்வராக இருந்த காலம் ஒன்றரை வருடம்கூட இல்லை. மூன்று முறையும் சூழ்நிலைதான் அந்த நாற்காலியைக் கொடுத்தது, சூழ்நிலையே பறித்தும்கொண்டது. ஆனால், பெரியகுளம் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுக் கொடுத்த நகராட்சித் தலைவர் நாற்காலியில் ஏறத்தாழ ஐந்து வருடம் இருந்தார். அதை யாருக்காகவும் அவர் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை!