படைப்புழுவின் தாய்வழி: மக்காச்சோளப் புழு நெல்லுக்கு வருமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரியாகப் புரட்டாசியில் விதைக்கும் மக்காச்சோளத்தை 2018-இல் அமெரிக்கப் படைப்புழு பெரிதும் பாழாக்கியது. கர்நாடகத்தின் சிவமொக்காவில் இப்புழு இந்தியாவிலேயே முதன்முறையாகத் தென்பட்டதும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான இது, 2016-இல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டு, பிறகு இங்கு வந்து சேர்ந்தது.

இப்பூச்சியில் மக்காச்சோள வகை, நெல் வகை என இரண்டு உண்டு. கண்ணால் பார்த்து வேறுபாடு காண முடியாது. முதலாவது மக்காச்சோளம், சோளம், பருத்தியை நாடும். மற்றது நெல்லையும் புல்லையும் நாடும். கொள்ளிடக் கரையில் நெல்லும் மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் வைத்திருக்கும் அரியலூர் விவசாயிக்கு, வந்திருப்பது எந்த வகை என்பது சிறிய கேள்வி அல்ல.

இதற்கு விடை தேடி ஆய்வாளர்கள் பூச்சியின் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தனர். உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் இந்நுண்ணுறுப்புக்குத் தனி மரபணுத் தொகுதி உண்டு. 37 மரபணுக்கள், 15,000 எழுத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதிலுள்ள ஒரு மரபணுவைப் பார்த்தபோது, இந்தியப் பூச்சிகளில் பெரும்பாலானவை நெல் வகை என்று வந்தது. ஆனால் அவை தின்றதோ மக்காச்சோளம்!

குழப்பத்தின் காரணம் எளிது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். தாய்வீட்டை மட்டும் எழுதிய வம்சாவளியில் தகப்பன் வீடு தெரியாதல்லவா? தந்தை வழியாகவும் வரும் பாலினக் குரோமோசோமிலுள்ள வேறொரு மரபணுவைச் சோதித்தபோது, அவை மக்காச்சோள வகையையே காட்டின. முன்பு எப்போதோ இரு வகைகளும் கலந்ததன் அடையாளம் இது எனக் கருதப்படுகிறது. ஆகவே தாய்வழி முத்திரையை மட்டும் வைத்து நெல் விவசாயிகள் பதற வேண்டியதில்லை. காவலை மக்காச்சோளத்திலும் சோளத்திலும் வைப்பதே முறை.

தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுவே. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைக்கலாம். பயிர் முளைத்தது முதல் வயலைச் சுற்றி வந்து, பஞ்சு போர்த்தாற்போன்ற முட்டைக் குவியல்களைக் கண்டால் இலையோடு கிள்ளி நசுக்கிவிட வேண்டும். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டைகள் இருக்கும். புழு குருத்துக்குள் புகுந்து, எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டபின் தெளிக்கும் மருந்து அதை எட்டுவது கடினம். தெளிக்க நேர்ந்தால் மருந்து குருத்துக்குள் இறங்கும்படி, காலையிலோ மாலையிலோ தெளிக்கவும்.